கடலை மறந்த கல்வி

ஒரு கல்லூரி தன் விழா மலரை வெளியிடும்போது பழையன நினைந்து பெருமிதங் கொள்ளுதல் இயல்பு. அதிபர்களின் தொண்டும், ஆசிரியர்களின் உழைப்பும், பழைய மாணவர்கள் எய்திய உயர்வும் அங்கே பேசப்படும், பேசப்படவும் வேண்டும். ஆயினும் விழா நாள் பெற்ற பேற்றைக் கணக்கிடும் நாள் மட்டுமன்று. கைநழுவ விட்டதைக் கணக்கிடும் நாளுமாகும். அங்ஙனம் கைநழுவ விட்ட ஒன்றைப் பற்றி ஈண்டுச் சில கூற விழைகின்றோம். அஃது எம் வீட்டு வாயிலிலே கிடந்தது. அதனை நாம் உணர்ந்ததோ ஐயாயிரம் மைலுக்கு அப்பாலாகும்.

சென்ற ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையிலே, இங்கிலாந்தின் வடகிழக்கில் வாழும் எம் தமையனார் அழைக்க, மனைவி மக்களோடு அங்குச் சென்றிருந்தோம். ஒருநாட் காலை தமையனார், “உங்கட ஊர்ப் பெயரிலை இங்கை ஒரு கப்பல் நிக்குது, பிள்ளைகளுக்குக் காட்டுவம், வாருங்கோ” என்றார். ஊர்ப் பெயரைத் தாங்கிய கடை ஏதேனும் இருந்தாலன்றிக் கப்பல் எங்ஙனம் இருத்தல் கூடும் என்று எண்ணியவாறே புறப்பட்டோம். ஹாட்டில்பூல் என்னும் துறைமுகப் பட்டினத்தை அடைந்தோம். அங்கே அரச கடற்படையின் தேசிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கிளையொன்று உளது. பழைய காலத்துத் துறைமுகம் போன்று அமைக்கப்பட்ட கடைகளும் வீடுகளும் ஒரு நீர்த்தடாகத்தைச் சூழ்ந்து நிற்க, அந்நீரின் நடுவே மூன்று பாய்மரங்களோடு ஓங்கி நின்றது ஒரு மரக்கலம். அதன் பெயர் ‘திரிங்கோமலி’. நம் திருகோணமலைதான் அங்ஙனம் ஆங்கிலேயர் நாவிலே திரிந்து நின்றது.

அக்கப்பலின் வரலாறு கேட்கத் தக்கது. 1782 ஆம் ஆண்டில் நம் துறைமுகம் ஒரே ஆண்டினுள் மூவர் கையைக் கண்டது. ஒல்லாந்தரிடமிருந்து அதனை ஜனவரியில் ஆங்கிலேயர் கைப்பற்றினர். ஓகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுக்காரர் கவர்ந்து கொண்டனர். செப்டெம்பர் 3 ஆந் திகதி பிரெஞ்சுத் தளபதி சவ்ரனும் ஆங்கிலத் தளபதி ஹியூசும் நம் கரைக்கு அப்பாலே கடற்போர் புரிந்தனர். அப்போரின் நினைவாகவே கப்பலுக்கு இப்பெயர் இடப்பட்டது. கப்பல் கட்டப்பட்டதோ இங்கிலாந்தில் அன்று, பம்பாயில். கட்டியவர் ஜாம்செட்ஜி பொமன்ஜி வாடியா என்னும் பார்சி இனத்து வல்லுநர். இதன் வரைபடம் முதலில் ‘ஜாவா’ என்னுங் கப்பலில் அனுப்பப்பட்டது. 1812 இல் அமெரிக்கப் போர்க்கப்பலான ‘கொன்ஸ்டிற்றியூஷன்’ அதனை அழித்தமையால் மறுபடியும் வரைபடம் அனுப்ப வேண்டியதாயிற்று. 1816 இல் வேலை தொடங்கி 1817 ஒக்டோபரில் கப்பல் நீரில் இறங்கியது. 1819 இல் இங்கிலாந்து சேர்ந்தது.

இதனை ஆக்கிய மரம் மலபார்த் தேக்கு. தேக்கின் சிறப்பை எமக்கு அங்கே ஒரு முதியவர் எடுத்துரைத்தார். ஐரோப்பியக் கப்பல்கள் பெரும்பாலும் ஓக்கு மரத்தாலானவை. ஓக்கில் உள்ள புளிப்புச் சத்து இரும்பாணிகளை அரிக்கும். தேக்கின் எண்ணெய்ப் பசையோ ஆணியைக் காக்கும். கடற்புழுவையும் எளிதில் அணுக விடாது. இருநூறு ஆண்டு கழிந்தும், இன்று நிற்கும் கப்பலில் அறுபது வீதத்துக்கு மேற்பட்டது பம்பாயில் அன்று வைத்த மரமே என்று அவர் கூறியபோது, எம் மனைவி பலகையொன்றைத் தொட்டுப் பார்த்து, “எங்கட வீட்டுக் கதவு ஐம்பது வருசத்திலை உக்கிப் போச்சு” என்று மெல்லச் சொன்னாள். தமையனார் அதனை மொழிபெயர்த்துச் சொல்ல, அம்முதியவரும் நகைத்தார்.

இக்கப்பல் பெரும் போர்களில் வென்று புகழெய்திய கப்பலன்று. இங்கிலாந்து சேர்ந்த பின்னர் 1845 வரை துறைமுகத்திலே சும்மா கிடந்தது. பின்பு 26 பீரங்கிகள் தாங்கிய சிறு போர்க்கப்பலாக மாற்றப்பட்டு அத்திலாந்திக்கிலும் பசிபிக்கிலும் காவல் புரிந்தது. அதன்பின் கடற்படைச் சேமப் படையினருக்குப் பயிற்சி தரும் கலமாயிற்று. 1897 இல் உடைத்து விற்பதற்கென விலைப்பட்டது. அப்பொழுது கொப் என்னும் செல்வர் ஒருவர் அதனை வாங்கி, புயலில் உடைந்த தம் பழைய கப்பலொன்றின் நினைவாக ‘பூட்ரோயன்’ என்று வேறு பெயரிட்டு, இளைஞர் பயிற்சிக் கலமாக்கினார். 1986 வரை அது பயிற்சிக் கலமாகவே விளங்கியது. 1987 இல் ஹாட்டில்பூலுக்குக் கொண்டுவரப்பட்டது. 1992 இல் அதன் பழைய பெயர் மீண்டது. 2001 இல் திருத்த வேலை நிறைவெய்தியது. அன்று கப்பல் கட்டுவதற்கான செலவு ஏறத்தாழ 23,000 பவுண். அதனைத் திருத்தியமைக்க ஆன செலவு ஒரு கோடி பவுணுக்கு மேல். இன்று மிதந்து நிற்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களுள் இதுவே மூத்தது. போட்ஸ்மத்தில் உள்ள நெல்சனின் ‘விக்டரி’ இதனினும் பழையது எனினும், அது 1922 முதல் நீரற்ற துறையிலே நிற்பதாகும்.

ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் தன் பெயரை இழந்திருந்த கப்பலொன்று அப்பெயரை மீளப் பெற்றது என்னுஞ் செய்தி எம் உள்ளத்தைத் தொட்டது. கப்பலின் முகப்பிலே தலைப்பாகையணிந்த ஒருவனின் உருவம் செதுக்கப்பட்டிருந்தது. ஆறாந் தரத்திற் பயிலும் எம் மகள் அதனை நெடுநேரம் நோக்கி நின்று, “அப்பா, இவர் எங்கட ஊர் ஆளோ?” என்று வினவினாள். நம்மூரில் எவரும் அங்ஙனம் தலைப்பாகை கட்டக் கண்டிலோம். செதுக்கியவர் நம்மூரைக் கண்டிருப்பார் என்றுந் தோன்றவில்லை. “இல்லைப் பிள்ளை, பெயர் மட்டுந்தான் எங்கட ஊர்” என்றோம். சொல்லிய பின்னரே அச்சொல்லின் கசப்பு எமக்குப் புலனாயிற்று. நம் வாயிலிலே நிகழ்ந்த போர், நம்மூர்ப் பெயர், ஆனால் அக்கதையிலே நம்மவர் ஒருவரும் இல்லை.

கீழ்த்தட்டுக்கு இறங்கினோம். மாலுமிகள் உண்ட பலகைகளும், உறங்கிய தூங்கு படுக்கைகளும் இருந்தபடியே வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வோர் உறுப்பின் பெயரும் எழுதப்பட்டிருந்தது. அடியிலே நெடுக ஓடும் பெருமரத்தைக் காட்டி மகள் கேட்டாள்: “இதுக்குத் தமிழிலை என்ன பெயர், அப்பா?” நாம் பயிற்றப்பட்ட தமிழாசிரியர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பித்து வருகின்றோம். நாவாய், வங்கம், கலம், அம்பி, ஓடம், மிதவை என நிகண்டுகள் மரக்கலத்துக்குத் தரும் பெயர்களை வரிசையாக ஒப்பிக்க வல்லோம். காற்றை வயப்படுத்திக் கலஞ் செலுத்தியவனின் வழித்தோன்றல் எனக் கரிகாலனைப் புகழும் புறநானூற்றுப் பாட்டுக்கு உரை சொல்லவும் வல்லோம். ஆனால் கலத்தின் அடிமரத்துக்குப் பெயர் யாதென எமக்குத் தெரியவில்லை. “கப்பலின் அடிப்பாக நெடுமரம்” என்று ஏதோ ஒன்றைக் கூட்டிச் சொன்னோம். அது விடையன்று என்பதை ஆறாந் தரத்துப் பிள்ளையும் அறிந்து கொண்டாள்.

அவ்விடத்திலேதான் பழைய குற்றமொன்று எம் நினைவுக்கு வந்தது. முன்னர் நாம் கரையோரப் பாடசாலையொன்றிற் கற்பித்த காலத்தில், கட்டுரைக் கொப்பியொன்றில் ஒரு மாணவன், தன் தந்தையார் தோணியின் ‘அணியத்தில்’ நின்று வலை வளைத்தார் என்று எழுதியிருந்தான். அச்சொல்லை நாம் சிவப்பு மையாற் கீறி, மேலே ‘முற்பகுதி’ என்று திருத்தி, பக்கத்தில் ‘கொச்சை வழக்கைத் தவிர்க்க’ என்று எழுதினோம். அம்மாணவன் ஒன்றும் பேசாது கொப்பியை வாங்கிச் சென்றான். மறுமுறை அவன் எழுதிய கட்டுரையில் கடலே இல்லை.

ஊர் திரும்பிய பின்னர்ச் செய்த முதல் வேலை, சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை எடுத்துப் பார்த்ததாகும். அணியம் என்னுஞ் சொல் மரக்கலத்தின் முற்பக்கம் என்னும் பொருளோடு அங்கே இருந்தது. அம்மாணவன் எழுதியது தமிழ். நாம் செய்ததே பிழை. இரண்டாவது வேலை, கடற்கரைக்குச் சென்றது. அங்கே தோணியொன்றைக் கவிழ்த்து வைத்துப் பலகைச் சந்துகளிலே பஞ்சு திணித்துக் கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் எம் மகளே வினவினாள். அவர் நிமிர்ந்து பாராமலே கூறினார்: “அதுக்கு ஏரா எண்டு பேர், பிள்ளை. ஏரா வைச்சாத்தான் தோணி. அதுக்கு முன்னம் வெறும் மரம்.” அவர் செய்துகொண்டிருந்த வேலைக்குக் கலப்பற்று என்று பெயர். விலாச் சட்டங்களுக்கு வங்கு. பாய் தொங்கும் குறுக்குமரத்துக்குப் பருமல். அரை மணி நேரத்தில் அவரிடம் நாம் கற்ற சொற்கள், ஆசிரிய கலாசாலையின் ஈராண்டிலும் எமக்குக் கிடைத்தில. விடைபெறும்போது அவர் கேட்டார்: “வாத்தியார், இதுகள் உங்களுக்கு என்னத்துக்கு?”

அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணம். இவை நமக்கு எதற்கு?

சிலர் கூறுவர்: அக்கப்பல் ஆதிக்கஞ் செலுத்தியோரின் போர்க்கலம், அதனைப் பார்த்து நாம் வியத்தல் அடிமைப் புத்தி என்று. அக்கூற்றிலே உண்மையில்லாமலில்லை. ஆனால் நாம் வியந்தது பீரங்கிகளை அன்று. தன் கப்பல் கட்டுந் தொழில் நலிந்த ஒரூர், அத்தொழிலின் கைத்திறனை முற்றாக மறைய விடாது, 1979 இல் ‘வாரியர்’ என்னும் இரும்புப் போர்க்கப்பலைத் திருத்தத் தொடங்கி 1987 இல் போட்ஸ்மத்துக்கு அனுப்பியது. உடனே ‘திரிங்கோமலி’யைக் கையிலெடுத்தது. அவ்வூக்கத்தையே வியந்தோம். தம் பாட்டனார் செய்த தொழிலின் பெயர்களைத் தம் பேரப்பிள்ளைகள் அறிய வேண்டும் என்று அவர்கள் எண்ணினர். அவ்வெண்ணம் எந்த ஆதிக்கத்துக்கும் உரியதன்று, எவருக்கும் உரியது.

நமக்கும் அங்ஙனம் போற்றத்தக்க கலங்கள் இருந்தன. வல்வெட்டித்துறையில் நம்மவர் கையாற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்க, அவ்வூர் மாலுமிகளே அதனைச் செங்கடல் வழியாகவும் மத்தியதரைக் கடல் வழியாகவும் செலுத்தி, அத்திலாந்திக்கைக் கடந்து, 1938 ஓகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்திற் கொண்டு சேர்த்தனர். அக்கப்பலுக்கும் வேறு பெயர் இடப்பட்டது. ‘திரிங்கோமலி’ தன் பெயரை மீளப் பெற்றது. ‘அன்னபூரணி’க்கு அப்பேறு வாய்க்கவில்லை. அத்தகைய பாய்க்கப்பலொன்று நம் கரையிலே போற்றி வைக்கப்பட்டிருக்க நாம் எங்கும் கண்டதில்லை.

நம்மூரை எடுத்துக் கொள்வோம். பாய்மரத்தைப் புயலில் இழந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல், புதுமரம் வைக்கவே கொட்டியாரக் குடாவை நாடி வந்தது. 1660 இல் றொபேட் நொக்ஸ் அங்கே சிறைப்பட்ட கதையை நாம் அனைவரும் படித்திருக்கின்றோம். அவர் எழுதிய நூலால் அக்கதை நிலைத்தது. ஆனால் அக்காலத்தில் அக்குடாவிலே தோணி செலுத்திய நம்மவர் யார், அவர் கலங்கள் எத்தன்மையன என்று நாம் கேட்டதில்லை. அவ்வளவு பழைய காலத்துக்கும் செல்ல வேண்டியதில்லை. கிண்ணியாவிலே 2009 இற் பாலம் திறக்கப்படும் வரை மக்களையும் வாகனங்களையும் ஏற்றி நீரைக் கடந்த மிதவைக்குப் ‘பாதை’ என்று பெயர். “பாதைக்குக் காத்து நின்றோம்” என்று இன்று நாம் சொன்னால், நம் மாணவர் தெருவைத் திருத்துகிறார்கள் என்றே பொருள் கொள்வர். பாலம் வந்தது நன்றே, பயணம் எளிதாயிற்று. ஆனால் பொருள் போனதும் சொல்லும் போயிற்று. சொல் போனதும் அது இருந்தது என்னும் நினைவும் போகும்.

வேறு சிலர் கூறுவர்: போரால் நலிந்த மக்களுக்கு, கடற்கோளால் வீடிழந்தோருக்கு, பழந்தோணியும் பழஞ்சொல்லுமா தேவை என்று. இவ்வினாவை நாம் எளிதாகத் தள்ளிவிட மாட்டோம். கடலுக்குப் போகத் தடையிருந்த ஆண்டுகளை நம் கரையூர்கள் அறியும். 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி கடல் கொண்டு சென்ற உயிர்களையும் தோணிகளையும் அறியும். அதன்பின் வந்தவை பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகளே. அவற்றால் மீனவர் மீண்டும் தொழிலுக்குச் சென்றனர். அதனை யார் குறை கூறுவர்? நாம் கூறுவது இதுவே: மரத்தோணி கட்டத் தெரிந்த கைகள் இன்று முதுமையடைந்து விட்டன. அக்கைகள் ஓய்ந்தபின் எந்தக் கோடி பவுணும் அச்சொற்களை மீட்டுத் தராது. கப்பலைத் திருத்தலாம், கேளாது விட்ட சொல்லைத் திருத்த இயலாது. மேலும், எழுதி வைப்பதற்குப் பெருஞ் செலவு வேண்டா. ஒரு கொப்பியும் சிறிது பணிவும் போதும்.

பணிவு என்றது வேண்டுமென்றே. நம் கல்வி வயலை அறியும், கோயிலை அறியும், உத்தியோகத்தை மிக நன்றாக அறியும். கடலை அறிய அது விரும்பியதில்லை. நெய்தல் நிலத்தை ஐந்திணையுள் ஒன்றாக வைத்துப் பாடம் நடத்துவோம். நெய்தல் நிலத்துப் பிள்ளை வகுப்பிலே வாய் திறந்தால் அவன் பேச்சைத் திருத்துவோம். வாடை, கச்சான், சோளகம், கொண்டல் எனக் காற்றின் பெயர்களை நூலிலிருந்து படிப்பிப்போம். எக்காற்றுக்கு எத்திசையிற் பாய் விரிப்பது என்று அறிந்தவன் கடைசி வாங்கிலே மௌனமாக அமர்ந்திருப்பான். இக்குற்றத்தை நாம் பிறர்மேற் சுமத்தவில்லை. எம் சிவப்பு மையே அதற்குச் சான்று.

செந்தமிழைக் கைவிட வேண்டும் என்பது எம் கருத்தன்று. அதற்காகவே வாழ்ந்து வருகின்றோம். ஆனால் செந்தமிழ் என்பது நூலகத்தில் மட்டும் பிறந்ததன்று. ஏராவும் வங்கும் பருமலும் அகராதிக்கு வந்தது கடற்கரையிலிருந்தே. தொழில் செய்வோன் வாயிற் பிறவாத கலைச்சொல் எவ்வளவு இலக்கணமுடையதாயினும், நாம் கப்பலில் மகளுக்குச் சொன்ன விடையைப் போல, எவர் நாவிலும் நில்லாது.

ஆதலின் இவ்விழா ஆண்டிலே கல்லூரிச் சமூகத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது மாணவர்க்கு: விடுமுறையிலே உங்கள் பாட்டனாரிடமோ, அயலிலுள்ள முதிய கடலோடியிடமோ, தோணி கட்டுவோரிடமோ சென்று பத்துச் சொற்களைக் கேட்டு எழுதி வாருங்கள். சொல்லியவர் பெயரையும் ஊரையும் அவர் இசைவோடு குறியுங்கள். சொல்லுக்குரிய உறுப்பை வரைந்து காட்டுங்கள். இரண்டாவது பழைய மாணவர்க்கு: உங்களுள் துறைமுகத்தில் தொழில் புரிந்தோரும், வணிகக் கப்பல்களிற் கடலோடியோரும் பலர் உளர். உங்கள் பெட்டிகளிலே கிடக்கும் படங்களையும் குறிப்பேடுகளையும் கறையான் தின்னு முன் கல்லூரி நூலகத்துக்கு அனுப்புங்கள். மூலத்தைத் தர மனமில்லையேல் படியேனும் எடுத்து அனுப்புங்கள். மூன்றாவது கல்லூரி நிருவாகத்துக்கு: பயன்படாது கரையிற் கிடக்கும் கரைவலைத் தோணியொன்றை விலைக்குப் பெற்று, ஒரு கொட்டிலின் கீழ் வைத்து, ஒவ்வோர் உறுப்பிலும் அதன் பெயரை எழுதி வையுங்கள். அதனைத் திருத்தவும் பெயர் சொல்லவும் அத்தொழில் அறிந்த முதியவரையே அழையுங்கள். அவருக்கு உரிய ஊதியமும், மேடையிலே ஓர் இருக்கையும் கொடுங்கள். கோடி வேண்டா, ஒரு விழா விருந்தின் செலவே போதும்.

எம்மளவில் நாம் ஒன்று செய்திருக்கின்றோம். நூலகத்திலே நீல உறையிட்ட கொப்பியொன்றை வைத்துள்ளோம். அதன் முதற் பக்கத்தில் ‘அணியம்’ என்று எழுதியிருக்கிறது, எழுதியது எம் கையே, நீல மையால். அச்சொல்லை முதலில் எழுதிய மாணவன் இன்று எங்கிருக்கிறான் என்று விசாரித்து வருகின்றோம். கண்டால் மன்னிப்புக் கேட்போம். கேட்டபின் இரண்டாம் பக்கத்தை எழுதுமாறு அவனிடமே கொப்பியை நீட்டுவோம்.

நம் கல்லூரி நீடு வாழ்க. அதன் வகுப்பறைகளிற் கடலின் ஓசையும் கேட்பதாக.